கூப்பிடு தூரத்தில் இரண்டு பூமத்திய ரேகைகள்

பிப்ரவரி 11, புதன்

இது எந்த வருஷம் என்று எண்ணில் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோன வருஷம். மாவு ஆலையில் சங்கு ஊதுவதை நிறுத்தி, ஊரே சாப்பாட்டு நேரம் தெரியாமல் முழித்த வருஷம். பள்ளிக்கூடத்துப் பின்சுவர் மழையில் சாய்ந்து, பிள்ளைகள் அந்த வழியாகவே விளையாடப் போன வருஷம். என் பெண்சாதி போய் ஒரு வருஷம் ஆகப்போகிற வருஷம். எனக்கு இப்படித்தான் கணக்கு.

தேதியை இந்தக் கைப்பேசியே போட்டுக்கொள்கிறது. நான் பேசினால் அது எழுதிக்கொள்ளும் என்று மகள் வாங்கிக் கொடுத்தாள். "தனியா உக்காந்து சுவத்துகிட்ட பேசாதீங்கப்பா. இதுகிட்ட பேசுங்க. இதாவது ஞாபகம் வெச்சுக்கும்." எனக்கு ஞாபகத்துக்கா குறைச்சல்? எழுத்துதான் இல்லை. ஒரு சிக்கல் — வீட்டுப் பேச்சு பேசினால் இது திணறுகிறது. செய்தி வாசிக்கிறவர் மாதிரி நிறுத்தி நிதானமாகப் பேச வேண்டுமாம். அதனால் மேடைப் பேச்சு பேசிக்கொண்டிருக்கிறேன், கேட்க ஒரு காக்காய்கூட இல்லாத கூட்டத்தில். திருப்பிப் படிக்கச் சொன்னால் உள்ளேயிருந்து எவளோ ஒருத்தி, சந்தை நிலவரம் வாசிப்பது போல என் வாழ்க்கையை வாசிக்கிறாள்.

தொழிலைச் சொல்லவில்லையே. எங்கள் ஊரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பூமத்திய ரேகை போகிறது. நெடுஞ்சாலையில், என் வீட்டுக்கு எதிரே, நகராட்சி வைத்த தூண் இருக்கிறது. தூணிலிருந்து சாலைக்குக் குறுக்காக வெள்ளைக் கோடு. அதை அடித்தவன் நான். வருஷா வருஷம் புதுப்பிப்பவனும் நான். வருகிறவர்கள் ஒரு காலை இந்தப் பக்கமும் ஒரு காலை அந்தப் பக்கமும் வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். ஆணித் தலையில் முட்டையை நிறுத்திக் காட்டுவேன். "கோட்டு மேலதான் நிக்கும்" என்பேன். நிற்பதற்கும் கோட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நல்ல ஆணியும் பொறுமையும் இருந்தால் எங்கேயும் நிற்கும்.

சாலையில் தெற்கே பார்த்தால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு இருக்கிறது. நீலம். அதன் மேல் ஒரு சிவப்புக் குடை. அதுவும் பூமத்திய ரேகைதான் என்று அங்கே பலகை வைத்திருக்கிறது. அந்தக் கோடு என் மச்சானுடையது. போனவளுடைய அண்ணன்.

கூப்பிடு தூரம்தான். கூப்பிடத்தான் இல்லை.

பிப்ரவரி 12, வியாழன்

சிவப்புக் குடை காலையிலேயே விரிந்துவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

கோடு பிறந்த கதையைச் சொல்லிவைக்கிறேன். நட்ட நடுப்பகலில் சூரியனைப் பாம்பு விழுங்கின மாதிரி இருட்டாகி, கோழியெல்லாம் கூட்டுக்குள் போய் உட்கார்ந்ததே, அந்த வருஷம். பேக்கரி எரிந்ததும் அந்த வருஷம்தான். எரிந்த பேக்கரியில் மிஞ்சிய மாவு மூட்டைகள் புகை நாற்றம் அடித்தன. ரொட்டிக்கு உதவாது. "எடுத்துட்டுப் போங்கடா, கோலத்துக்காவது ஆகும்" என்று பேக்கரிக்காரர் கொடுத்தார். அந்த மாவில்தான் முதல் கோடு.

நகராட்சி ஓவர்சியர் ஏதோ படத்தை விரித்து, காலால் மண்ணைக் கீறி, "இங்கிருந்து அந்த ஓரம் வரைக்கும்" என்றார். கொத்தனார் தூணுக்குக் குழி வெட்டினார். நானும் மச்சானும் அப்போது சாலை வேலைக் கூட்டத்தில் ஒரே தட்டில் சாப்பிடுகிற சிநேகிதர்கள். நான் அவன் தங்கையைக் கட்டி ஆறேழு மாதம் இருக்கும். கோடு நேராக விழக் கயிறு கட்ட வேண்டும், ஆள் போதவில்லை. எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த அவளையே மச்சான் பிடித்து இழுத்தான். "ஏய், இந்த முனையப் புடி. அசையாத. அசைஞ்சா பூமியே கோணலாப் போயிடும்."

அவள் ஒரு முனை. அவன் மறு முனை. நடுவில் நான் முட்டி போட்டு மாவைத் தூவிக்கொண்டே போனேன். அவள் சிரித்ததில் கயிறு ஆடியது. இன்றைக்கும் என் கோட்டில் அந்த இடம் கொஞ்சம் வளைந்துதான் இருக்கிறது. வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கும்போது அந்த வளைவை நான் நேராக்கியதில்லை.

பிறகு சாலை வேலையை விட்டுவிட்டு அங்கேயே இரண்டு பேரும் கடை போட்டோம். எனக்கு முட்டை, அவனுக்குக் கேமரா. பூமத்திய ரேகையைக் கடந்ததற்கு ஒரு சான்றுத் தாளும் கொடுப்போம். பெயர் எழுத எனக்கு எழுத்து தெரியாது. அவன் எழுதினால் கோழி கிண்டின மாதிரி இருக்கும். அவள்தான் எழுதுவாள், குண்டு குண்டாக.

பிப்ரவரி 19, வியாழன்

மூன்று கால் மிஷினோடு ஒரு பெண் வந்தாள். அரசாங்க அளவைத் துறையாம். தலையில் தொப்பி, காலில் ஆம்பிளை பூட்ஸ். மரியாதையான பெண். "ஐயா, சரியான கோடு எங்க இருக்குன்னு அளக்கப் போறோம். அங்கதான் புதுசா மேடை கட்டி, கல்வெட்டு வைப்பாங்க. மத்த கோட்டை எல்லாம் அழிச்சிடுவாங்க."

"மத்த கோடுன்னா எது?"

அவள் என் தூணைப் பார்த்தாள். பிறகு தெற்கே சிவப்புக் குடையைப் பார்த்தாள். மிஷினைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

மகள் கேட்டாள்: "பயமா இருக்காப்பா?" எனக்கென்ன பயம்? கோடு எங்கே விழுந்தாலும் எனக்கு முட்டை நிற்கும்.

பொய். அவனுடைய கோட்டின் மேலேயே விழுந்துவிட்டால்? இத்தனை காலமும் நான் தப்பு, அவன் சரி என்று ஆகிவிடுமே. அப்புறம் நான் எதற்காக...

பிப்ரவரி 20, வெள்ளி

நேற்று பாதியில் நிறுத்தியதை முடித்துவிடுகிறேன்.

மகள் ஐந்தாம் வகுப்பில் இருந்த வருஷம். ஊரில் முதல் தடவையாக நகரும் படிக்கட்டு வைத்த கடை திறந்து, ஏறி இறங்கவே ஜனம் வரிசையில் நின்ற வருஷம். வெளியூர்க்காரர் ஒருவர் சோப்புப் பெட்டி அளவில் ஒரு மிஷினைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். என் கோட்டில் நின்று, மிஷினைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பிறகு அதைப் பார்த்துக்கொண்டே தெற்கே நடந்தார். மச்சானும் பின்னாலேயே போனான். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று அவர் சொன்னாராம்: "இங்கதான் எல்லாம் பூஜ்யம் காட்டுது."

மச்சான் ஓடி வந்தான். "மாப்ள, கோடு அங்க இருக்கு. வா, நாமளும் அங்க போயிடலாம்."

"நகராட்சி தூண் இங்க இருக்கு. நான் அடிச்ச பெயிண்ட் இங்க இருக்கு. கோடு என்ன, நீ கூப்பிட்டா நடந்து வருமா?"

வார்த்தை தடித்தது. சுற்றிலும் வெளியூர் ஜனம். அவ்வளவு பேர் முன்னால் சொன்னான்: "படிக்கத் தெரிஞ்சவனுக்குச் சொன்னா புரியும். பூஜ்யத்தக்கூட அடையாளம் தெரியாத ஆளுகிட்ட என்னத்தப் பேசறது?"

ஓவர்சியர் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இவன்... எனக்காக எத்தனை பேருந்துப் பலகை படித்துச் சொன்னவன்.

நான் சொன்னேன்: "படிச்சவன் படிச்ச எடத்துலயே இருந்துக்க. இந்தக் கோட்டத் தாண்டி என் வாசலுக்கு வராத."

"நீயாக் கூப்பிடாம வரமாட்டேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் இரண்டு பேருமே சளைத்தவர்கள் இல்லை. காப்பாற்ற எத்தனையோ இருக்க, இதைப் போய்க் காப்பாற்றினோம். மகள் கல்யாணத்தில்கூட அவன் தண்ணீர்த் தொட்டிப் பக்கமே நின்று, கார் போகும்போது கை காட்டினான். அவளுடைய தாய்மாமன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அவன் தன் கோட்டில் பேசின் தொட்டியை வைத்துத் தண்ணீர் வித்தை காட்டுவான். கோட்டுக்கு வடக்கே தண்ணீர் ஒரு பக்கமாகச் சுழன்று இறங்கும், தெற்கே மறுபக்கமாக. வித்தையெல்லாம் தண்ணீரை ஊற்றுகிற கையில் இருக்கிறது. அதை நான் ஒரு ஈ காக்காயிடம் சொன்னதில்லை. அவனும் என் முட்டையைப் பற்றி வாய் திறந்ததில்லை.

அவள் மட்டும் யாருக்கும் எந்தச் சத்தியமும் செய்யவில்லை. காலையில் என் தாள்களில் பெயர் எழுதுவாள், மத்தியானம் பேனாவோடு நடந்துபோய் அவன் தாள்களில் எழுதுவாள். அங்கே ஒரு டீ, இங்கே ஒரு டீ. "ரெண்டு கடையிலயும் வேலை பாக்குற ஒரே ஆளு நான்தான்" என்பாள்.

பிப்ரவரி 24, செவ்வாய்

முழங்கால் வலி. சந்தைக்கு நேர் சாலையில் போனால் அவன் கோட்டைத் தாண்ட வேண்டும் என்று இத்தனை வருஷமாக ஆலைப் பின்சந்து வழியாகச் சுற்றிப் போகிறேன். "பூமிய சுத்திட்டு வந்துட்டீங்களா?" என்று அவள் கேட்பாள், நான் பையை வைக்கும்போதெல்லாம்.

இன்று பையை வைத்தேன். யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

குடை விரியவில்லை.

மழை இல்லை, காற்று இல்லை. முட்டை நிறுத்தும்போது கண் தெற்கேயே போனது. இரண்டு முட்டை போச்சு.

பிப்ரவரி 28, சனி

இன்றும் விரியவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை, மகளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறான், இடுப்பு எலும்பில் விரிசல். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். அவன் மகன் கடல் தாண்டி இருக்கிறான். பக்கத்துப் பங்சர் கடைக்காரன் பெண்சாதிதான் கஞ்சி கொடுக்கிறாளாம்.

"என்னப் பத்திக் கேட்டானா?"

"இல்லப்பா. கோடு எங்க விழுந்துச்சுன்னு கேட்டார்."

அவனுக்கும் அதே பயம்தான் போலிருக்கிறது.

மார்ச் 3, செவ்வாய்

ஒரு வருஷம்.

செய்தி வாசிக்கிற மாதிரியெல்லாம் இன்னைக்குப் பேச வராது. எழுதுறத எழுதிக்கோ.

அவ படுத்திருந்தப்ப தினமும் சாயங்காலம் அவன் வந்தான். வந்து கோட்டுல நிப்பான். கோட்டுக்கு அந்தாண்ட. ஒரு கால்கூட இந்தப் பக்கம் வைக்கல. ஜன்னல்ல தெரியும். கையில ஏதோ பழப் பை. அவன் நெனச்சான், கூப்பிடட்டும்னு. நான் நெனச்சேன், அண்ணன்காரனுக்குத் தங்கச்சியப் பாக்க அழைப்பு வேற வேணுமா, வந்தா வரட்டுமேன்னு. கதவு தெறந்துதான் இருந்துச்சு. மகதான் போய்ப் பைய வாங்கிட்டு வருவா.

அவ ஒரு நாள் சொன்னா: "கோடுன்னு ஒண்ணு நெசமாவே கெடையாது, சும்மா மனுஷன் நெனச்சுக்கிட்டதுதான்னு வர்றவங்ககிட்ட எல்லாம் நீங்கதானே சொல்றீங்க?"

"ஆமா."

"அப்புறம் ரெண்டு பேருக்கும் அது எதுல தடுக்குது?"

மாத்திரை நேரமாச்சுன்னு எந்திரிச்சுட்டேன்.

அவளை எடுத்துட்டுப் போன வண்டி நேர் ரோட்டுலதான் போச்சு. பின்சந்துல அந்த வண்டி நுழையாது. நான் முன் சீட்டுல. தண்ணித் தொட்டி வந்துச்சு. நீலக் கோட்டுல அவன் நின்னான். குடைய மடக்கி அக்குள்ள வெச்சிருந்தான். மொட்டை வெயில். டிரைவர் வேகத்தக் கொறச்சு என்னப் பாத்தான். நிறுத்துப்பான்னு ஒரு வார்த்தை. ஒரு கை அசைப்புகூடப் போதும். நான் ரோட்டையே பாத்துக்கிட்டிருந்தேன்.

வண்டி போயிடுச்சு.

கண்ணாடியில அவன் சின்னதாகிட்டே வந்தான்.

மார்ச் 6, வெள்ளி

அளந்துவிட்டார்கள்.

அளவைப் பெண் நேராக என்னிடம் வந்து சொன்னாள். என் கோடு தப்பு. அவன் கோடும் தப்பு. சரியான கோடு தெற்கே இன்னும் தள்ளி, பங்சர் கடைக்காரனின் கக்கூசைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறதாம்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு சிரிப்பு வந்தது. அவளும் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். பங்சர் கடைக்காரன் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறான்: "இத்தன வருஷமா தெனம் காலையில ரெண்டு பாதிக்கும் நடுவுலதான்யா உக்காந்திருந்திருக்கேன். ஒருத்தன் ஒரு சான்று குடுத்தீங்களா?"

"ஐயா, உங்க தூண் வெச்சப்ப இருந்த படத்தோட கணக்குப்படி அது சரிதான்" என்றாள் அந்தப் பெண். "இப்ப கணக்கு வேற. அந்தக் காலத்துக் கைமிஷினும் கொஞ்சம் தள்ளித்தான் காட்டும். யார் மேலயும் தப்பில்ல."

யார் மேலும் தப்பில்லை. இதை ஒரு ஆள் வந்து சொல்ல இவ்வளவு காலமா?

போகும்போது சும்மா கேட்டேன். "ரெண்டுல எதும்மா கிட்ட?"

"அவரோடதுதான் ஐயா. உங்களோடது ரொம்பத் தள்ளி."

மார்ச் 7, சனி

அவனுக்குத் தெரியுமா, தெரியாதா? பங்சர் கடைக்காரன் கக்கூசைப் பற்றிச் சொல்லியிருப்பான். எது கிட்ட என்பதைச் சொல்லியிருக்க மாட்டான். அது எனக்கும் அந்தப் பெண்ணுக்கும்தான் தெரியும். நான் சொல்லாவிட்டால் தெரியாது.

மார்ச் 9, திங்கள்

நேர் சாலையில் போனேன். சந்து வழியாக இல்லை. என் கோட்டைத் தாண்டினேன், நீலக் கோட்டையும் தாண்டினேன். காலில் ஒன்றும் தடுக்கவில்லை. அவள் சொன்னது சரிதான்.

மச்சான் வீட்டு வாசலிலேயே பங்சர் கடைக்காரன் பெண்சாதி கத்தினாள்: "அண்ணே, யாரு வந்திருக்காங்கன்னு பாருங்க!"

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். முதுகு பாதியாகிவிட்டது.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"உன் தங்கச்சி வீட்டுக்காரன்."

"தங்கச்சியே இல்ல. அப்புறம் என்ன வீட்டுக்காரன்."

திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். போயிருந்தால் போயே போயிருக்கும்.

"அளந்துட்டாங்க" என்றேன்.

தலை மட்டும் திரும்பியது. "நெசமாவே கக்கூசா?"

"கக்கூசேதான். நடு மத்தியில."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்க வெக்காதடா, எலும்பு வலிக்குது." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அப்ப உன்னுது?"

"தப்பு."

"என்னுது?"

"அதுவும் தப்பு."

"எது கிட்ட?"

"உன்னுது."

"சத்தமாச் சொல்லு. காது மந்தம்."

"காலையில நான் மொணமொணத்ததெல்லாம் நல்லாக் கேட்டுச்சே" என்றாள் கஞ்சி கொடுக்கிற பெண்பிள்ளை.

"உன்னுதுதான் கிட்ட! போதுமா?"

போதும் என்று அவன் சொல்லவில்லை. முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, வந்த வேகத்தில் போயும் விட்டது. கூரையைப் பார்த்தபடி சொன்னான்: "அவ இருக்கிறப்ப வந்திருக்கலாம்."

"அப்ப அளக்கலையே."

"அதில்லடா நான் சொல்றது."

அது இல்லை என்று எனக்கும் தெரியும்.

மார்ச் 10, செவ்வாய்

மகளிடம் கேட்டேன், உள் அறையைச் சுத்தம் செய்ய முடியுமா என்று. அவள் படுத்திருந்த அறை. ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. மகள் என்னையே பார்த்தாள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள், உள்ளே அழுதுகொண்டே கூட்டினாள்.

மார்ச் 12, வியாழன்

வாடகைக் காரில் கூட்டிவந்தோம். மகள் அவன் பக்கத்தில். நான் முன்னாலேயே வந்து வாசலில் நின்றேன். கார் வடக்கே வந்தது, நீலக் கோட்டைத் தாண்டியது, என் வெள்ளைக் கோட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டது.

பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று பார்த்தேன். மகள் தலையை நீட்டினாள். "அப்பா, மாமா நிறுத்தச் சொல்றார்."

நடந்து போனேன். அவன் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், என் பக்கம் திரும்பாமல். டிரைவர் சொன்னான்: "பெரியவரே, வீடு இன்னும் அந்தாண்ட இருக்கே?"

"தெரியும்ப்பா. கூப்பிட்டாத்தான் போறது" என்றான் மச்சான்.

பின்னால் லாரிக்காரன் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே இருந்தான். முன் சக்கரம் சரியாகக் கோட்டின் விளிம்பில். அவள் சிரித்தபோது கயிறு ஆடின இடம் அது. அவள் படுத்திருந்தபோது அவன் பழப் பையோடு நின்றதும் அதே இடம்தான்.

"வா" என்றேன்.

"கேக்கல."

"வா மச்சான். வீட்டுக்கு வா."

அவன் டிரைவர் தோளைத் தட்டினான். கார் கோட்டைத் தாண்டியது.

இதைத் திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். 'வா' என்பது ஒரே எழுத்தாம், மகள் சொல்கிறாள். கைப்பேசிக்குள்ளே இருக்கிறவள் அதைப் படிக்க மூச்சுக்கூட விடவில்லை. அவ்வளவு சின்னது. அன்றைக்கு ஜன்னலிலிருந்து சொல்லியிருந்தாலே கேட்டிருக்கும்.

மார்ச் 15, ஞாயிறு

மச்சானுக்கு டீயில் சர்க்கரை கம்மி. மின்விசிறி சத்தம் போடுகிறது. ஜன்னல் வழியாக என் கோடு தெரிகிறதாம், கண்ணுக்கு உறுத்துகிறதாம், திரை போட வேண்டுமாம். "தப்பான கோட்டப் பாத்துக்கிட்டே எத்தன நாள் படுத்துக் கெடக்குறது?"

"உன் கோடு மட்டும் ரொம்ப ஒழுங்கு."

"கிட்டடா. கிட்ட. நீதான் சொன்ன."

மகள் சமையலறையில் சிரிக்கிறாள். சிரிப்பு அப்படியே அவள் அம்மாவுடையது. இந்தச் சண்டையை அந்த அம்மாவுக்குக் கேட்க வைக்காமல் போனேனே.

மார்ச் 20, வெள்ளி

இன்றைக்கு நடுப்பகலில் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே. எந்த மனுஷனுக்கும் நிழல் கிடையாது. வருஷா வருஷம் இந்த நாளில் என் கோட்டில் கூட்டம் அலைமோதும். அவன் கோட்டிலும்தான். அவள் மத்தியானம் இரண்டு இடத்திலும் போய் நின்று பார்த்துவிட்டு வந்து சொல்வாள்: "உங்க கோட்டுலயும் நிழல் இல்ல. அண்ணன் கோட்டுலயும் நிழல் இல்ல. சண்டையில மட்டும் ஒண்ணும் கொறச்சலில்ல."

இந்த வருஷம் கூட்டம் பங்சர் கடையில். கக்கூசை இடித்துவிட்டு மேடை கட்டியிருக்கிறார்கள். நான் போகவில்லை. இங்கே காலையிலிருந்து என் கோட்டைச் சுரண்டினார்கள். பெயிண்டுக்குக் கீழே பெயிண்ட், அதற்கும் கீழே பெயிண்ட். இத்தனை வருஷம் அடித்தது லேசில் போகுமா? கடைசியில் தார் போட்டு மூடினார்கள். அந்த வளைவும் போயிற்று. அங்கே நீலக் கோட்டை நேற்றே மூடிவிட்டார்களாம். குடையை மகள் கொண்டுவந்துவிட்டாள்.

மச்சானை நாற்காலியோடு தூக்கி முற்றத்தில் வைத்தோம். பன்னிரண்டைத் தாண்டியதும் எங்கள் இரண்டு பேர் காலடியிலும் நிழல் இல்லை. அவன் குனிந்து பார்த்தான். நானும் பார்த்தேன். அவள் சொல்வதை இரண்டு பேருமே நினைத்துக்கொண்டோம். வெயில் தாங்காமல் அவனை உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்தேன்.

பிறகு அளவைப் பெண் வந்தாள். கல்வெட்டில் கீழே ஒரு வரி இடம் இருக்கிறதாம். "ஐயா, இந்த ஊர்ல முதல் முதலாக் கோடு போட்டப்ப யார் யார் கூட இருந்தாங்க? யாராவது இப்ப இருக்காங்களா?"

சொன்னேன். படம் விரித்த ஓவர்சியர் — வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய், பெரிய வெள்ளம் வந்த வருஷம் செத்துப்போனார். தூண் நட்ட கொத்தனார் — மஞ்சள் காமாலை, நகரும் படிக்கட்டு வந்ததற்கு அடுத்த வருஷம். மாவு கொடுத்த பேக்கரிக்காரர் — நூற்றுக்குப் பக்கம் இருந்து, தூக்கத்திலேயே போனார், கொடுத்துவைத்த மனுஷன்.

"கயிறு பிடிச்சது?"

"ஒரு முனை என் பெண்சாதி. அசையாதன்னு சொல்லியும் சிரிச்சுக்கிட்டே ஆட்டினவ. போன வருஷம் போயிட்டா."

அவள் எழுதிக்கொண்டாள். "இன்னொரு முனை?"

உள் அறையில் இருமல். கூடவே ஒரு குரல்: "டேய், யார்றா வந்திருக்கிறது? என்னுதுதான் கிட்டன்னு கல்லுல எழுதச் சொல்லு!"

"அந்த முனை புடிச்ச ஆளு இருக்காம்மா" என்றேன். "அதோ. என் மச்சான்."